சூனியக்காரிக்கு இன்னொரு பெயர்

பள்ளி விடுமுறைக்குப் பாலோவில் அம்மா வீட்டில் இருந்தபோது ஒரு ராத்திரி கரண்டு போய்விட்டது. அண்ணன் மகளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரும் வாசலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள. மூன்று பேருக்கும் பத்து வயது. கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்துகொண்டிருந்ததால் வேறு வழியில்லாமல் என் பக்கம் திரும்பினார்கள்.

"அத்தை, கதை சொல்லுங்க. ஆனா நீதிக்கதை வேணாம்."

எனக்கு மிகவும் பிடித்த கதையையே எடுத்தேன். "ஒரு ஊர்ல கிகின்னு ஒரு பொண்ணு. பதிமூணு வயசு. அவ ஒரு..." என்று தொடங்கி அங்கேயே நின்றுவிட்டேன். ஆங்கிலத்தில் 'விட்ச்' என்று சுலபமாக வாசித்துப்போன சொல். தமிழில் என்னவென்று சொல்வது?

"ஒரு சூனியக்காரி," என்றேன்.

உள்ளே மெழுகுவர்த்தி தேடிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. "ராத்திரி நேரத்துல வாசல்ல உக்காந்து அந்தப் பேச்ச எடுக்காத," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஒனக்குமா அது மறந்துபோச்சு?" என்றார்.

மறக்கவில்லை. அந்தச் சொல்லை முதன்முதலில் நான் பயன்படுத்தியதும் பத்து வயதில்தான். அதனால் ஒரு பாட்டி ஊரை விட்டுப் போக வேண்டியிருந்தது.

கிகியை எழுதியவர் எய்கோ கடோனோ. ஜப்பானில் 1985ல் வெளிவந்த சிறுவர் நாவல். 1989ல் ஹயாவோ மியாசாகி அதை அனிமேஷன் படமாக எடுத்தார். உங்களில் பலர் படத்தைத்தான் பார்த்திருப்பீர்கள். 2018ல் சிறார் இலக்கியத்துக்கான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது கடோனோவுக்குக் கிடைத்தது. நானும் படத்தைப் பார்த்துப் பல வருடம் கழித்துத்தான் நாவலை ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசித்தேன். பதின்மூன்று வயதானதும் ஒரு பௌர்ணமி இரவில் வீட்டை விட்டுக் கிளம்பி, தன்னைப் போன்றவர்கள் யாரும் இல்லாத ஓர் ஊரைத் தேடிப்போய் அங்கே பிழைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவள் குலத்து வழக்கம். கூட வருவது ஜிஜி என்ற கறுப்புப் பூனை மட்டும்.

நாவலின் ஆரம்பத்திலேயே ஓர் இடம் என்னைப் பிடித்துக்கொண்டது. கிகியின் குலத்தில் தலைமுறைக்குத் தலைமுறை மந்திரம் குறைந்துகொண்டே வருகிறது. கிகியின் அம்மாவிடம் மிச்சமிருப்பது இரண்டே வித்தைகள். ஒன்று, துடைப்பத்தில் பறப்பது. இன்னொன்று, செடி வளர்த்துத் தும்மலுக்கு மருந்து செய்வது. ஏன் குறைந்தது? கிகியின் அப்பா இந்தப் பெண்களைப் பற்றிய கதைகளை ஆராய்கிறவர். நாவலில் ஒரு காரணம் வருகிறது. உலகத்தில் இப்போது முழு இருட்டான இரவும் இல்லை, சத்தமே இல்லாத இடமும் இல்லை, அதனால்தான் என்பது.

இருட்டும் அமைதியும் போனதால் மந்திரம் போனது. இதை வாசித்தபோது எனக்கு ஜப்பான் நினைவுக்கு வரவில்லை. எங்கள் தோட்டத்துப் பள்ளம்தான் நினைவுக்கு வந்தது.

ஜொகூரில் ரயிலில் தெற்கே போகிறவர்களுக்கு லாபிஸ், பெக்கோ தாண்டி பாலோ வரும். அதற்குப் பிறகு சாமெக், குளுவாங். மலாயில் பாலோ என்றால் நீர் தேங்கிச் சதுப்பாகக் கிடக்கும் பள்ளம். எங்கள் தோட்டத்திலும் அப்படி ஒரு பள்ளம் இருந்தது. டவுனிலிருந்து செம்மண் சடக்கில் சைக்கிள் மிதித்து அரை மணி நேரம் உள்ளே போக வேண்டும். மூன்று லயங்கள், ஒரு மாரியம்மன் கோயில், ஒரு ஆயாக் கொட்டகை, சுற்றிலும் கித்தாக் காடு. கடைசி லயத்துக்குப் பின்னால்தான் பள்ளம் தொடங்கும். தண்ணீர் நிற்பதால் அங்கே கித்தா நடவில்லை. காட்டு மரமும் பெரணியும் சேம்பும் தம்பாட்டுக்கு வளர்ந்து கிடந்தன. ஓரத்தில் ஒரு பெரிய அத்தி மரம்.

கடைசி லயத்தின் கடைசி வீட்டில் பாட்டி தனியாக இருந்தார். ஒரு காலத்தில் ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர். பிள்ளை பெற்ற பெண்களுக்குக் காயம் இடித்துக் கொடுப்பவர். அண்ணன் பிறந்தபோது அம்மாவுக்குப் பத்தியம் பார்த்ததும் அவர்தான். வீட்டைச் சுற்றி நொச்சி, ஆடாதோடை, பிரண்டை, குப்பைமேனி. பள்ளத்தில் இறங்கி வல்லாரை பறித்து வருவார். அத்தி பழுக்கும் நாட்களில் அந்தி சாய்ந்ததும் பெரிய பெரிய வௌவால்கள் கூட்டமாக வரும். மலாயில் கெலுவாங். இறக்கையை விரித்தால் ஒன்றரை மீட்டர் வரை போகும். சத்தமே இல்லாமல் லயத்துக் கூரைக்கு மேலே பறந்து போகும்போது எங்களுக்கு உடம்பு சிலிர்க்கும். பாட்டி திண்ணையில் உட்கார்ந்து அதை எண்ணிக்கொண்டிருப்பார்.

வெளியிலிருந்து துப்பாக்கியோடு ஆட்கள் வருவார்கள். கெலுவாங் கறி இளைப்புக்கு நல்லது என்று ஒரு நம்பிக்கை. அவர்களைக் கண்டால் பாட்டி சடக்கில் நின்று மண்ணை வாரித் தூற்றுவார். அவர் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அன்றிலிருந்தே அவரைப் பற்றி லயத்தில் மெதுவாகப் பேச ஆரம்பித்திருந்தார்கள். வௌவாலுக்கு ஏன் இந்தக் கிழவி இவ்வளவு பரிஞ்சு பேசுது?

நாங்கள் மூன்று பேர் கூட்டாளிகள். நான், ரெட்டைச்சடைக்காரி, கங்காணி வீட்டுப் பிள்ளை. குளுவாங்கில் இருந்த மாமா கொண்டுவந்து போட்ட பழைய ஆங்கிலப் புத்தகக் கட்டில் கூம்புத் தொப்பி போட்ட சிறுமிகளின் படக்கதை ஒன்று இருந்தது. எங்களுக்கு ஆங்கிலம் பாதிதான் புரியும். படம் போதுமானதாக இருந்தது. தென்னங்குச்சி விளக்குமாற்றைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு லயத்து வாசலில் ஓடி, விளக்குமாற்றைத் தாண்டக் கூடாது என்று அடி வாங்கினோம். சூனியக்காரிப் படை என்று எங்களுக்கு நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். ஒருத்தர் ரகசியத்தை இன்னொருத்தர் சொல்லக் கூடாது என்று மாரியம்மன் கோயில் சூலத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தோம்.

படைக்கு ஒரு சாகசம் வேண்டுமே. 1995ஆம் வருடம் அது கிடைத்தது. நடு லயத்தில் ஒரு கைக்குழந்தைக்கு வலிப்பு வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதற்கு முந்தின ராத்திரி நாங்கள் கடைசி லயத்தை ஒளிந்திருந்து வேவு பார்த்திருந்தோம். பாட்டி அரிக்கேன் விளக்கோடு பள்ளத்தில் இறங்கினார். அத்தி மரத்தடியில் குழி தோண்டினார். சிவப்புத் துணியில் சுற்றிய எதையோ உள்ளே வைத்து, மஞ்சள் தூவி, மண்ணைத் தள்ளி மூடினார். வாய் எதையோ முணுமுணுத்தது.

சத்தியத்தை மீறிப் பெரியவர்களிடம் சொன்னது நான்தான். யாரும் என்னைக் கேட்கக்கூட இல்லை. குழந்தையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவில் போய் நின்று, "பாட்டி சூனியக்காரி. நான் பாத்தேன்," என்றேன். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் எனக்கு அது எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அதற்குப் பிறகு நடந்தது வேகமாக நடந்தது. வெளியிலிருந்து ஒரு கோடாங்கியை அழைத்து வந்தார்கள். பாட்டி வீட்டுச் செடிகளைப் பிடுங்கி அல்லூரில் போட்டார்கள். அடுப்பு உடைந்தது. யாரும் அவரை அடிக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து யாரும் அவரிடம் பேசவில்லை, அவர் கையால் தண்ணீர் வாங்கவில்லை. அவரைப் பார்த்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். குழந்தைக்கு வந்தது காய்ச்சல் வலிப்பு என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, அது நலமாக வீடு திரும்பிய பிறகும் யாரும் எதையும் மாற்றிச் சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் பாட்டி ஒரு துணி மூட்டையோடு வெளியூரில் இருந்த மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அம்மாவும் கதவைச் சாத்தியவர்களில் ஒருவர்.

பாட்டி போன மறுநாள் பள்ளிக்கூடத்தில் ரெட்டைச்சடைக்காரி என்னிடம் சொன்னாள். "துணியில இருந்தது கெலுவாங். குண்டடி பட்டு விழுந்து கெடந்துச்சு. ரெண்டு நாளா பாட்டி பழம் மசிச்சு ஊட்டிப் பாத்தாங்க. எனக்குத் தெரியும்." ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். "யாரும் என்னையக் கேக்கல. நீதான் பேசிக்கிட்டு இருந்த," என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

இதையெல்லாம் அன்று ராத்திரி மூன்று பிள்ளைகளிடமும் சொன்னேன். கிகி கதையைப் பாதியில் விட்டுவிட்டு இதில் போனதற்கு அவர்கள் கோபப்படவில்லை.

"அந்தப் பள்ளம் இப்ப எங்க, அத்தை?"

இல்லை. சில வருடங்களில் கிழட்டுக் கித்தா மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். வாய்க்கால் வெட்டிப் பள்ளத்துத் தண்ணீரை வடித்தார்கள். அத்தியும் போனது. லயத்து ஜனங்கள் தாமான் வீடுகளுக்கு வந்துவிட்டோம். இங்கே சடக்கு விளக்கு ராத்திரி முழுக்க எரியும். கிகி கதையில் வரும் முழு இருட்டு, கரண்டு போனால்தான் எங்களுக்குக் கிடைக்கிறது.

குளுவாங் என்ற பெயரே கெலுவாங்கிலிருந்து வந்ததுதான் என்று சொன்னதும் பிள்ளைகளுக்கு நம்ப முடியவில்லை. ஒரு மாவட்டத்துக்கே பெயர் கொடுக்கும் அளவுக்கு இங்கே அவை இருந்திருக்கின்றன. மூன்று பேரில் ஒருத்திகூடக் கெலுவாங்கைப் பார்த்ததில்லை.

வௌவாலுக்கும் பாட்டிக்கு நடந்ததுதான் நடந்தது. 1998 கடைசியிலும் 1999லும் மலேசியாவில் நிப்பா கிருமி பரவி 100 பேருக்கு மேல் இறந்தார்கள். சுமார் 10 லட்சம் பன்றிகளைக் கொன்றார்கள். பழந்தின்னி வௌவால்களின் உடம்பில் அந்தக் கிருமி இயல்பாகவே தங்கியிருக்கிறது என்பதைப் பிறகு கண்டுபிடித்தார்கள். அது உண்மை. பன்றித் தொழுவங்களை ஒட்டி மாமரங்களை வளர்த்தது மனிதர்கள் என்பதும், வௌவால் கடித்துப் போட்ட பழம் கீழே விழுந்து பன்றிக்குப் போயிருக்கும் என்பதும் அதே ஆய்வுகளில் வந்த உண்மை. ஆனால் ஜனங்களின் மனதில் நின்றது முதல் பாதி மட்டும்தான். வௌவால் என்றால் நோய், அவ்வளவுதான்.

டுரியான் பூ சாயங்காலம் விரிந்து விடிவதற்குள் உதிர்ந்துவிடும். அந்த ஒரு ராத்திரிக்குள் மகரந்தம் சேர வேண்டும். சேர்ப்பதில் முக்கியமானவை தேன் குடிக்கும் சிறு குகை வௌவால்கள் என்று 1970களிலேயே மலேசியாவில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். பெத்தாய்க்கும் அவைதான். தியோமான் தீவில் டுரியான் மரத்தில் கேமரா கட்டிப் பார்த்த இன்னோர் ஆய்வு 2017ல் வந்தது. அங்கே இந்த வேலையைச் செய்வது கெலுவாங்கின் சொந்தக்கார இனம். பூவைத் தின்று அழிக்கிறது என்று விரட்டப்பட்ட பிராணிதான் காயைக் கொடுத்துக்கொண்டிருந்தது. இருட்டில் வந்து வேலையை முடித்துவிட்டுப் போகிறவர்களைப் பற்றி நாம் நினைப்பதெல்லாம் பெரும்பாலும் இப்படித்தான் தப்பாக இருக்கிறது.

மறுபடியும் அந்தச் சொல்லுக்கு வருகிறேன். சூனியம் என்றால் வெறுமை, ஒன்றுமில்லாதது. சூனியக்காரி என்றால் இருப்பதை இல்லாமல் ஆக்குகிறவள். 1947ல் தொடங்கிய 'அம்புலிமாமா'வின் பழைய இதழ்களை மாமா வீட்டில் வாசித்தே நான் வளர்ந்தேன். அந்த மாதிரிக் கதைகளில் மந்திரவாதி என்றால் ஆண். அவனுக்குக் குகை, சீடன், சில நேரம் மரியாதைகூட உண்டு. பெண் என்றால் காட்டோரக் குடிசையில் தனியாக இருக்கும் கிழவி. மூலிகை தெரிந்தவள். கதை முடிவதற்குள் செத்துப்போக வேண்டியவள். சிறுமியாக, கூட்டாளிகளோடு, காட்டுக்குக் காவலாக ஒரு மந்திரக்காரி வந்த தமிழ்க் கதை எதுவும் எனக்கு நினைவில்லை. மலேசியத் தமிழில் கே. பாலமுருகனின் 'மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்' போன்ற சிறுவர் சாகச நாவல்கள் வந்த பிறகுதான், நம் ஊர்ப் பிள்ளைகள் தமிழிலேயே மர்மத்தைத் தேடிப் போகலாம் என்றானது. நான் பத்து வயதில் வாசிக்க அப்படி எதுவும் இல்லை. கையில் இருந்தது புரியாத ஆங்கிலப் படக்கதையும் லயத்துப் பேச்சும்தான். ஒன்றிலிருந்து தொப்பியை எடுத்துக்கொண்டேன், இன்னொன்றிலிருந்து சொல்லை எடுத்துக்கொண்டேன்.

நம்மிடம் வேறு வழி இல்லாமலும் இல்லை. அழகு சுமந்த உடம்பு வேண்டாம், பேய் வடிவம் கொடு என்று சிவனிடம் கேட்டு வாங்கியவர் காரைக்கால் அம்மையார். தன்னைக் 'காரைக்கால் பேய்' என்று தானே பாட்டில் சொல்லிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் நமக்கு மாம்பழக் கதையை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் பேயை விட்டுவிட்டார்கள். பெரியாச்சியைப் பார்த்தால் சின்னப்பிள்ளைகள் பயப்படும். ஆனால் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிள்ளை பிறந்த வீடுகளில் முதலில் கும்பிடுவது அவளைத்தான். பயங்கரமான பெண்ணே பிள்ளைகளைக் காப்பாள் என்று நம் சனங்களுக்குத் தெரியும். கோயிலில் தெரிந்தது கடைசி லயத்தில் ஏன் தெரியாமல் போனது?

"நீங்க போயி மன்னிப்புக் கேட்டீங்களா, அத்தை?" என்றாள் அண்ணன் மகள்.

இல்லை என்றேன். பாட்டி இறந்துபோன செய்தி நான் படிவம் மூன்றில் இருக்கும்போது வந்தது.

"ரெட்டைச்சடை அக்காகிட்ட?"

அதற்கும் இல்லை. நாவலில் டோம்போ என்ற பையன் முதலில் கிகியின் துடைப்பத்தைத் திருடுகிறான். தானும் பறந்து பார்க்கப்போய் அதை உடைத்துவிடுகிறான். அவர்களுடைய நட்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது. உடைத்தவனே வந்து நின்று, நான்தான் உடைத்தேன் என்று ஒப்புக்கொள்கிறான். முப்பது வருடமாக நான் அதைச் செய்யவில்லை. அவள் இப்போது ஜொகூர் பாருவில் இருக்கிறாள். அவள் எண் என் கைப்பேசியில் இருக்கிறது. தீபாவளிக்கு இருவரும் படம் மட்டும் அனுப்பிக்கொள்வோம்.

கண்ணாடி போட்ட பிள்ளைக்கு வேறு கவலை. "மந்திரம் இல்லாம காட்டக் காப்பாத்த முடியுமா?"

முடியும் என்று எண்டாவ் ரொம்பின் கதையைச் சொன்னேன். எங்கள் குளுவாங் மாவட்டத்துக் காஹாங் வழியாகத்தான் அந்தக் காட்டுக்குப் போவார்கள். 1977ல் அதன் நடுப்பகுதியில் மரம் வெட்ட உரிமம் கொடுத்துவிட்டார்கள். இயற்கைச் சங்கங்களும் பத்திரிகைகளும் சாதாரண ஜனங்களும் எழுதினார்கள், பேசினார்கள், விடவில்லை. வெட்டு நின்றது. 1985லும் 1986லும் மலாயா இயற்கைச் சங்கம் அறிஞர்களையும் தொண்டர்களையும் காட்டுக்குள் அழைத்துப்போய் அங்கே என்னென்ன இருக்கிறது என்று கணக்கெடுத்தது. 1993ல் ஜொகூர் பகுதி தேசியப் பூங்காவானது. அதில் எந்த மந்திரமும் இல்லை. பார்த்ததைச் சரியாகப் பார்த்துச் சரியான இடத்தில் சொன்னார்கள். நானும் பார்த்தேன், நானும் சொன்னேன். ஆனால் துணிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்காமல் சொன்னேன்.

கரண்டு வந்துவிட்டது. பிள்ளைகள் உள்ளே போகவில்லை. கிகி கதையை விட்டுவிட்டு அவர்களே ஒரு கதை கட்டத் தொடங்கியிருந்தார்கள். மூன்று சிறுமிகள், ஒரு பள்ளம், வாய்க்கால் வெட்ட வருகிற இயந்திரம், வழி காட்டும் கெலுவாங். சிறுமிகளுக்கு வித்தை சொல்லிக்கொடுக்க ஒரு பாட்டி வேண்டும்.

"அந்தப் பாட்டி பேரு என்னா, அத்தை?"

எனக்குத் தெரியவில்லை. கடைசி லயத்துப் பாட்டி என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். பிறகு அந்த இன்னொரு சொல்லால். எழுந்துபோய் அம்மாவிடம் கேட்டேன். அம்மா அடுப்படியில் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துக்கொண்டிருந்தார். உடனே பதில் சொல்லவில்லை. பிறகு பெயரைச் சொன்னார். "ஒங்கண்ணன் பொறந்தப்ப பதினாறு நாளும் அவங்கதான் எனக்குக் கஞ்சி வெச்சுக் குடுத்தாங்க," என்றார்.

அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. ஏற்கெனவே ஒரு முறை அவரைக் கேட்காமல் அவரைப் பற்றிப் பேசியிருக்கிறேன். பிள்ளைகளிடம் மட்டும் சொன்னேன். அவர்கள் கதையில் அதற்குப் பிறகு சூனியக்காரி என்ற சொல்லே வரவில்லை. வித்தை தெரிந்த எல்லாரையும் பாட்டியின் பெயராலேயே கூப்பிட்டார்கள். சின்னவள் பெரியவளிடம், "நாம வளந்தா அவங்கள மாதிரி ஆயிடலாமா?" என்று கேட்டது காதில் விழுந்தது.

அவர்கள் தூங்கிய பிறகு கைப்பேசியை எடுத்தேன். ஜொகூர் பாருவுக்கு எழுதினேன். பாட்டியின் பெயரை முதலில் எழுதி, அதற்குக் கீழே, "அன்னிக்குச் சொன்னது நான்தான். தப்பு என்னோடது," என்று எழுதினேன். காலையில் பதில் வந்திருந்தது. "பேரு தெரியுமா ஒனக்கு?" என்று மட்டும் கேட்டிருந்தாள். அடுத்த வாரம் பாலோவுக்கு வருகிறாளாம்.